ஜெனரேட்டர் அறை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஒருவழியாக முடிந்தது. இ.எஸ்.ஜி. மதிப்பீட்டுக்காக, அதாவது சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு, நிர்வாகம் மூன்றிலும் நம் கம்பெனி எப்படி என்று சரிபார்க்க வந்தவர்கள் நேற்று மாலை கிளம்பினார்கள், நான் இன்று மதியம் வரை தூங்கினேன். அந்த மூன்று நாள் பட்ட பாடு கூடவே இருந்த உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லப் போவதில்லை. நன்றியை மட்டும் சூட்டோடு சூடாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஜெனரேட்டர் அறை அண்ணனுக்கு.

இ.எஸ்.ஜி. மதிப்பீட்டில் யாருக்கு என்ன வேலை என்று சார்ட் போட்டது நான்தான். கரண்ட் பில், டீசல் பில் அக்கவுண்ட்ஸுக்கு, சம்பளமும் ஓவர்டைமும் எச்.ஆருக்கு, கெமிக்கல் பட்டியல் சாயப் பிரிவுக்கு, நிர்வாகக் கொள்கைகள் கம்பெனி செகரட்டரிக்கு, எல்லாவற்றையும் கோர்ப்பது எனக்கு. கலர் கலராகக் கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டிப் பெருமையாக வேறு பார்த்துக்கொண்டேன். அண்ணன் பெயர் அதில் எங்குமே இல்லை.

தண்ணீர்க் கணக்கில் எங்களை அசைக்க முடியாது. 2011ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து கழிவுநீர் மீட்டர் பார்ப்பது எங்களுக்குப் பல் தேய்ப்பது மாதிரி. மாட்டியது டீசலில். நாங்கள் காட்டியது வாங்கிய லிட்டர். ஸ்கோப் 1, அதாவது கம்பெனியே நேரடியாக வெளியிடும் கார்பன் கணக்கு, கேட்பதோ எரித்த லிட்டர், ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. மார்ச் கடைசியில் டேங்கில் மிச்சம் எவ்வளவு என்று சரிபார்க்க வந்த மேடம் கேட்டதும் அக்கவுண்ட்ஸ் என்னைப் பார்க்க, நான் சார்ட்டைப் பார்த்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு அண்ணன் வந்தார், அன்று அவருக்கு வார லீவு. கையில் மஞ்சப்பை. உள்ளே தினசரி காலண்டர் தாள்கள், மாதத்துக்கு ஒரு கம்பியாகக் குத்தி வைத்தது. கிழித்த ஒவ்வொரு தாளின் பின்னாலும் பென்சிலில் ஹவர் மீட்டர் ரீடிங், டேங்கில் குச்சி விட்டுப் பார்த்த அளவு. கரண்ட் போகாத நாளில் ‘ஓடல’. மார்ச் 31 தாளில் பாதிக்கு எண்ணெய்க் கறை, எண் மட்டும் தப்பித்திருந்தது.

“யாருங்கண்ணா எழுதச் சொன்னாங்க?”

“யாரும் சொல்லலீங்க அம்மிணி. எவ்வளவு குடிக்குதுன்னு தெரியாம எப்படி ஓட்டறது?”

அப்புறம் அவர் ஒவ்வொரு தாளாக வாசிக்க, நான் எக்செல்லில் ஏற்ற, நள்ளிரவு தாண்டிவிட்டது. நடுவில் டீ வாங்கி வந்ததும் அவர்தான்.

பழைய பில்களைத் தூசியோடு இறக்கிய அக்கவுண்ட்ஸ் தம்பிகள், பேட்டிக்குப் பயந்த தையல் அக்காக்களுக்குத் தைரியம் சொன்ன எச்.ஆர். மேடம், கோர்ட்டிலிருந்து நேராக வந்து உட்கார்ந்த பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் வெளி உறுப்பினர் வக்கீலம்மா, நான் கத்தியதையெல்லாம் பொறுத்துக்கொண்ட செகரட்டரி சார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. கத்தியதற்கு மன்னிப்பும்.

ஃபைல் வைத்திருப்பவர்களாகப் பார்த்துப் பார்த்துச் சார்ட் போட்டிருக்கிறேன், மீட்டர் பார்ப்பவர் ஒருவர்கூட இல்லை. அடுத்த வருடம் அண்ணன் பெயர் முதல் கட்டத்தில் இருக்கும். மாதா மாதம் ஒன்றாம் தேதி நானும் மீட்டர் அறைகளைச் சுற்றி வருவேன், வராவிட்டால் குரூப்பிலேயே மானத்தை வாங்குங்கள்.

அண்ணனுக்கு நல்ல ரெஜிஸ்டர் நோட்டு ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். “நோட்டெல்லாம் வேண்டாமுங்க, காலண்டர்னா நல்ல நேரமும் பாத்துக்கலாம்” என்றார்.