முதல் இருபது பேர்

அங் மோ கியோ, சிங்கப்பூர்,
ஞாயிறு காலை

பாப்பா,

“ஆயிரத்து இருநூறு கம்ப்யூட்டர்ப்பா, ஒரே ராத்திரியில அப்டேட் போட்டாச்சு, திரையில எல்லாம் பச்சை” என்று நேற்று பெர்த்திலிருந்து நீ சொன்னதும் அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கீழ்த்தளக் கோப்பிக் கடை வரை செய்தி போய்விட்டது. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது.

நீ தொடக்கப்பள்ளி முடிவில் பி.எஸ்.எல்.இ. பரீட்சை எழுதின வருஷம், ஜூரோங்கில் ஒரு கிடங்குக்கு நான்தான் கம்ப்யூட்டர் பார்த்தேன். ஒரு மாதக் கடைசி, வியாழன் ராத்திரி, எல்லாருக்கும் அப்டேட் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்ததும் பார்த்தால் பச்சை. ஏழரைக்குப் போன்: லேபிள் பிரிண்டர் வெறும் தாளாகத் துப்புகிறதாம். அப்டேட் ஒழுங்காகத்தான் ஏறியிருந்தது. பிரிண்டரை இயக்கும் பழைய டிரைவர் மென்பொருளோடு அது ஒத்துப்போகவில்லை. வாசலில் ஏழு லாரி. லேபிள் இல்லாத பெட்டி லாரியில் ஏறாது. பேக்கிங் ஆன்ட்டி ஒருவர் மார்க்கரால் முகவரி எழுதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். விரல் ஐந்தும் கறுப்பு. ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

முன்னாடியே சோதித்துப் பார்த்தேன்தான். யாரிடம்? எங்கள் ஐடி பையன்கள் ஐந்து பேரிடம். அவர்களில் ஒருவனாவது லேபிள் அடிப்பானா?

அதற்கப்புறம், அப்டேட் முதலில் போக வேண்டிய இருபது பேரை நானே பொறுக்கினேன். கிடங்கில் இருவர், வரவேற்பு மேசை, பழைய எக்செல் மேக்ரோவைக் கட்டிக்கொண்டு அழும் கணக்குப் பிரிவு அக்கா, அப்புறம் என் கம்ப்யூட்டர். இரண்டு நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் போன் போடுவேன். “அப்டேட் ஏறிச்சா?” என்று கேட்க மாட்டேன், அது திரையிலேயே தெரியும். “வேலை ஓடுதா?” என்பேன். பிறகு நூறு பேர், பிறகு மீதி. மாதக் கடைசியில் கை வைப்பதே இல்லை.

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு கோப்பு. நம் மணிக்கு வெள்ளி பகல் 12.09. 78 நிமிடத்தில் திரும்ப வாங்கிவிட்டார்கள். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்துவிட்டன. சாங்கி விமான நிலையத்தில் சில விமான நிறுவனங்கள் கையால் செக்-இன் செய்தன. படிப்படியாக அனுப்பும்படி வைத்திருந்தவர்களும் தப்பவில்லை, அந்த வகைக் கோப்பு அந்த வரிசைக்கே கட்டுப்படவில்லை. நீலத் திரையில் நிற்கிற கம்ப்யூட்டரை உட்கார்ந்த இடத்திலிருந்து பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. பல இடங்களில் ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து கோப்பை அழித்தார்கள், டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கும் பிட்லாக்கர் சாவி என்ற நீண்ட எண் வேண்டும். உன் ஆபீஸ் சாவிகள் எங்கே இருக்கின்றன? அவை இருக்கிற சர்வரே படுத்தால்?

பயந்துபோய் மாசக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. வான்னாகிரை என்ற கம்ப்யூட்டர் புழு நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் 2017 மார்ச் 14ஆம் தேதியே வந்துவிட்டது. புழு வந்தது மே 12. நடுவில் சும்மா இருந்தவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள்.

பெர்த்திலும் இங்கும் ஒரே மணி என்பதால் உனக்கும் மைக்ரோசாஃப்டின் மாதாந்திரச் செவ்வாய்க்கிழமை அப்டேட் புதன் விடியற்காலைதான் வரும். அடுத்த தடவை அன்றைக்கே எல்லாருக்கும் அனுப்பாதே. நாளைக்கு ஆபீஸ் போனதும் மெயில் பார்ப்பதற்கு முன், பிரிண்டர் பக்கம் ஒரு நடை போய்விட்டு வா. உன் இருபது பேரை எழுதி எனக்கு அனுப்பு. பெயர் வேண்டாம், யார் என்ன வேலை செய்கிறார் என்று மட்டும்.

சாப்பிட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அப்பா