மல்லாட்டைத் தோலும் கரும்புச் சோகையும்: உழவர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, வயலிலும் மில் வாசலிலும் வீணாகக் கொளுத்தப்படும் கழிவை எரிபொருளாக விற்க வழி செய்வதே இந்த ஆண்டு நம் முதல் வேலையாக இருந்தது. விதை, உரம், பயிர்க் காப்பீட்டு வேலைகளும் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் பதிவேடுகளை அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

நம் திண்டிவனம் பக்கத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்குப் பஞ்சமில்லை. 100 கிலோ காயை உடைத்தால் 25 முதல் 30 கிலோ தோல் மிஞ்சும். அந்தத் தோல் கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோகலோரி வெப்பம் தரும். நம் நாட்டு நிலக்கரியில் பெரும்பகுதியும் ஏறக்குறைய அந்த அளவுதான். சாம்பலும் குறைவு. நெல் உமி நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு சாம்பலாகும். மல்லாட்டைத் தோலில் அது 5 பங்கைத் தாண்டுவது அரிது. கொதிகலன் வைத்திருப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது அதனால்தான்.

சிக்கல் தோலை ஏற்றி அனுப்புவதில் இருக்கிறது. லாரி நிறைய ஏற்றினாலும் எடை நிற்காது, வாடகை தின்றுவிடும். இயந்திரத்தில் அழுத்திப் பிரிக்கெட் என்னும் எரிகட்டி ஆக்கினால் ஒரு கன மீட்டர் கட்டி 1,000 கிலோவுக்கு மேல் வரும். இதற்குப் பசை எதுவும் வேண்டாம். அழுத்தத்தில் எழும் சூட்டில் தோலிலேயே இருக்கும் லிக்னின் என்னும் இயற்கைப் பொருள் இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஈரம் நூற்றுக்கு 10 பங்கை ஒட்டி இருக்க வேண்டும். கூடினால் உள்ளே நீராவி கிளம்பிக் கட்டி வெடித்துவிடும்.

ஈரம்தான் இந்த ஆண்டு நம்மைப் படுத்தியது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது உங்களுக்குத் தெரியும். தார்ப்பாய் போட்டிருந்தும் நம் குவியல்கள் அடிவரை நனைந்தன. நனைந்த குவியலை அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், உள்ளே சூடேறித் தானாகப் புகையவும் கூடும். அதனால் வெயில் வந்ததும் கலைத்துப் பரப்பினோம். வீட்டுக்குள் தண்ணீர் வடியாத நிலையிலும் இந்த வேலைக்கு வந்த பெண்களுக்கு இந்தச் சபை மனமார நன்றி சொல்ல வேண்டும். அவர்கள் கூலி பாக்கியில்லாமல் கொடுக்கப்பட்டுவிட்டது. அப்படியும் அடுத்து அனுப்பிய ஒரு லோடை ஈரம் அதிகம் என்று வாங்கும் ஆலை திருப்பிவிட்டது. போகவர லாரி வாடகை சங்கக் கணக்கில் ஏறியிருக்கிறது.

அப்புறம் கரும்புச் சோகை, அதாவது கரும்பின் காய்ந்த இலை. ஏக்கருக்கு நான்கு டன் வரை காய்ந்த சோகை விழும். வெட்டு முடிந்ததும் தீ வைப்பது இன்னும் நிற்கவில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். அதற்காக எல்லாச் சோகையையும் ஆலைக்கு வாரிக் கொடுக்கவும் நான் உடன்படவில்லை. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் மறுதாம்புக் கரும்பில் சோகையைக் கரும்பு வரிசைகளுக்கு இடையே பரப்பினால் ஈரம் காக்கும், களை அடங்கும், மட்கி மண்ணுக்கே போகும். மிஞ்சுவதை மட்டும் விற்போம். வாரும்போது மண் சேராமல் பார்க்க வேண்டும். மணல் கலந்தால் பிரிக்கெட் இயந்திரத்தில் கட்டியை அழுத்தும் அச்சு சீக்கிரம் தேய்ந்துவிடும். வைக்கோலையும் மல்லாட்டைக் கொடியையும் எரிபொருள் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவை மாட்டின் உணவு. விலை எவ்வளவு வந்தாலும் சங்கம் அவற்றை வாங்காது என்று தீர்மானமாகவே எழுதிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அனல் மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் பயிர்க்கழிவைக் கலக்க வேண்டும் என்ற ஒன்றிய அரசின் விதி 2024-25இல் நடப்புக்கு வந்தது. அவர்கள் கேட்பது சிறு உருளை வடிவான பெல்லட். அதற்கான இயந்திரம் வேறு. இப்போதைக்கு நம்மால் ஆகாது.

வரும் ஆண்டுக்கு மூன்று வேலைகளுக்கு ஒப்புதல் கேட்கிறேன்: மேடான இடத்தில் கூரையோடு ஒரு சிமெண்ட் களம், லோடு கிளம்பும் முன் சோதிக்க ஈரமானி ஒன்று, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையிலிருந்து ஒருவரை அழைத்து ஒரு நாள் பயிற்சி. களத்துக்கு இடம் தர முன்வருபவர்கள் கூட்டம் முடிந்ததும் தலைவரிடம் பெயர் கொடுக்கவும். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்