‘அஞ்ச வேண்டியதில்லை’ என்ற அந்த ஒரு வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மீதான வன்முறை குறித்துச் சென்ற இதழில் வெளியான சிறப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். குழந்தையின் உடலில் காயம் கண்டால் அக்கம்பக்கத்தார் வாய்மூடி இருக்கக் கூடாது, மருத்துவரும் பள்ளி ஆசிரியரும் தயங்காமல் தகவல் தர வேண்டும் என்று அதில் எழுதப்பட்டிருப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், “தவறு செய்யாத பெற்றோர் விசாரணையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, உண்மையைச் சொன்னாலே போதும்” என்று ஒரு வரி இருக்கிறதே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. அதை எழுதியவர் அப்படியொரு விசாரணை அறையில் மேசையின் எந்தப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்க மாட்டார் என்றே எண்ணுகிறேன்.

நான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன், நடக்கத் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்த எங்கள் மகன் ஒரு நாள் காலையில் வலது காலைத் தரையில் ஊன்ற மறுத்தான். வீக்கம் இல்லை, கன்றிய இடமும் இல்லை. நிற்கவைத்தால் மட்டும் வீறிட்டான். மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் மயிரிழை போலச் சுற்றிச் செல்லும் ஒரு முறிவு எக்ஸ்ரேயில் தெரிந்தது. எப்படி அடிபட்டது என்று கேட்டார்கள். எங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லைத்தான் நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைக்கு அடிபட்டது எப்படி என்றுகூடத் தெரியாத பெற்றோர் என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சத்தில், கட்டிலிலிருந்து இறங்கும்போது சறுக்கியிருப்பான் என்று நான் சொன்னேன். பக்கத்து அறையில் தனியாகக் கேட்டபோது, பொம்மை வண்டியில் தடுக்கி விழுந்திருப்பான் என்று என் மனைவி சொல்லியிருக்கிறார். இருவர் சொன்னதும் ஊகம். பதிவேட்டில் ஏறியபோது, “பெற்றோரின் விளக்கங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன” என்று அது மாறியிருந்தது.

அந்த மருத்துவர்மேல் எனக்கு இன்றும் கோபம் இல்லை. காயத்துக்குப் பொருந்தாத விளக்கம், ஆளுக்கு ஆள் மாறும் விளக்கம், சிகிச்சைக்கு அழைத்துவருவதில் தாமதம் ஆகியவற்றை ஐயத்துக்குரிய அடையாளங்களாகக் கொள்ளும்படிதான் அவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். 1962-இல் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சக மருத்துவர்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதியபோது, பெற்றவர்களே இப்படிச் செய்வார்களா என்று நம்ப மறுக்கும் மருத்துவர்களைத்தான் முதலில் கண்டித்தார்கள். ஆகவே ஐயப்படுவது அவர்கள் கடமை. அந்த ஐயத்துக்கு முன்னால் ஒரு தாயும் தகப்பனும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது யாருடைய கடமை என்பதுதான் என் கேள்வி.

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்பதால் தலை முதல் கால் வரை எலும்புகளை இருபது படங்கள் அளவுக்கு எடுத்தார்கள். ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அழைத்துவரச் சொன்னார்கள். முதல் நாள் கண்ணுக்குத் தெரியாத முறிவு, ஆறத் தொடங்கி அதைச் சுற்றிப் புது எலும்பு கட்டும்போது படத்தில் தெரியவரும் என்பதால் மருத்துவ நெறிமுறையே இப்படித்தான் இருக்கிறது. இதை அன்று யாரும் எனக்கு விளக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம்மை நம்பாமல்தான் திரும்பவும் வரச் சொல்கிறார்கள் என்று எண்ணி நடைவழியில் நின்று குரலை உயர்த்தினேன். அதுவும் பதிவாயிற்று. தவறு செய்யாதவனின் ஆத்திரமும் தவறு செய்தவனின் ஆத்திரமும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும், ஐயா.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். இதை என் நெருங்கிய உறவினர்களிடம்கூடச் சொன்னதில்லை. அப்போது எங்கள் மகளுக்கு ஆறு வயது. அதிகாரிகள் அவளிடம் பேச வருவதற்கு முந்தைய இரவு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, “தம்பியை யாரும் அடிக்கவில்லை என்று சொல்லும்மா, பயப்படாமல் சொல்லும்மா” என்று நாலைந்து முறை சொன்னேன். நான் சொல்லச் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. மறுநாள், யாராவது உனக்கு ஏதாவது சொல்லிக் கொடுத்தார்களா என்று அந்த அம்மையார் கேட்டபோது, என் மகள் அதற்கும் உண்மையைத்தான் சொன்னாள்: “அப்பா சொல்லிக் கொடுத்தார்.” அறையை விட்டு வெளியே வந்தவள் என் விரலைப் பிடித்துக்கொண்டு, “நான் சரியாகச் சொன்னேனாப்பா?” என்று கேட்டாள்.

சிறு குழந்தையிடம் பெரியவர்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், அல்லது பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால், குழந்தையின் நினைவே மாறிப்போகலாம் என்பதைப் பல ஆண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் பயிற்சி பெற்றவர்கள், “நடந்ததைச் சொல்” என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, உரையாடலை ஒளிப்பதிவு செய்கிறார்கள். வீட்டில் பெற்றோர் நடத்தும் குறுக்கு விசாரணை, பொய்ப் புகாரில் சிக்கிய குடும்பத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. உண்மையிலேயே வேறொருவரால் துன்புறுத்தப்பட்ட குழந்தையின் சாட்சியத்தையும் அதுவே சிதைத்துவிடுகிறது. உங்கள் ஆறு பக்கக் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வாக்கியம்கூட இல்லை.

பதினொரு வாரங்கள் பிள்ளைகள் இருவரும் அவர்களுடைய பெரியம்மா வீட்டில் இருந்தார்கள். நாங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் முன்னிலையில் சென்று பார்த்துவிட்டு வந்தோம். இறுதியில், குழந்தைகளின் எக்ஸ்ரேக்களையே நாள்தோறும் பார்க்கும் கதிரியக்க வல்லுநர் ஒருவரிடம் எங்கள் வழக்கறிஞர் இரண்டாவது கருத்துக் கேட்டார். நடை பழகும் பிள்ளைகள் காலை முறுக்கிக்கொண்டு விழும்போது இத்தகைய முறிவு ஏற்படுவது சாதாரணம் என்றும், ஒன்பது மாதம் முதல் மூன்று வயது வரை இது அடிக்கடி காணப்படுவதே என்றும், விழுந்ததை யாரும் பார்க்காமல் போவதும் வழக்கமே என்றும் அவர் எழுதிக் கொடுத்தார். இரண்டாம் முறை எடுத்த படங்களில் புதிதாக எதுவும் இல்லை. கோப்பு மூடப்பட்டதாக இரண்டு வரிக் கடிதம் வந்தது.

எங்கள் கதை சிறியது. ‘அஞ்ச வேண்டியதில்லை’ என்று எழுதுமுன், தன் இரண்டு கைக்குழந்தைகளை இழந்த இங்கிலாந்துத் தாய் சாலி கிளார்க்கை நினைத்திருக்கலாம். அவரே சட்டம் படித்த வழக்கறிஞர், தவறு செய்யாதவர், உண்மையைத்தான் சொன்னார். ஒரே குடும்பத்தில் இரண்டு கைக்குழந்தைகள் காரணம் தெரியாமல் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் சாட்சி சொல்ல, 1999-இல் இங்கிலாந்தின் நீதிமன்றம் சாலியைக் கொலைக் குற்றவாளி என்றது. அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று 2001-இல் அரச புள்ளியியல் சங்கம் அறிவித்தது. 2003-இல் தீர்ப்பு ரத்தானது. 2007-இல் அவர் இறந்துபோனார். அதற்கு முன் 1987-இல் அதே நாட்டின் கிளீவ்லண்ட் பகுதியில், ஒரு மருத்துவப் பரிசோதனை முறையை அளவுக்கு மீறி நம்பியதால் சில மாதங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானவர்களாக அறிவிக்கப்பட்டு, பெரும்பாலோர் பின்னர் பெற்றோரிடமே திரும்பினார்கள். இவையெல்லாம் தங்களுக்குத் தெரியாதவை அல்ல.

தங்கள் இதழிடம் எனக்கு இருக்கும் மனக்குறை இந்த ஒரு வரியோடு முடிவதுமில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், விசாரணை நடந்துகொண்டிருந்த ஒரு வழக்கில் ‘கொடூரத் தந்தை’ என்று முதல் பக்கத்தில் தலைப்பிட்டீர்கள். அவர் விடுவிக்கப்பட்ட செய்தி உள்பக்கத்தின் அடியில் ஐந்து வரிகளில் வந்தது. உங்கள் மருத்துவக் கேள்வி பதில் பகுதியில், மகளுக்கு அடிக்கடி எலும்பு முறிகிறது என்று ஒரு தாய் எழுதியதற்கு, ‘வீட்டில் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று பதில் வெளியானது. ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புகளில் ஒன்றில், எலும்பு எளிதில் முறியும் பிறவிக் குறைபாடு இருப்பதையும், அதை மரபணுச் சோதனையில் கண்டறியலாம் என்பதையும் அங்கே சொல்லியிருந்தால், அந்தத் தாய் நாளை ஓர் அதிகாரி முன் வெறுங்கையோடு நிற்க வேண்டி வராது. இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். இரண்டும் வெளிவரவில்லை; இடப் பற்றாக்குறையாக இருக்கலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

இப்போது நான் கேட்பது அரைப் பக்கம் மட்டுமே. அனுபவமுள்ள குடும்பநல வழக்கறிஞர் ஒருவரையும் குழந்தை மருத்துவர் ஒருவரையும் கேட்டு, புகார் வந்தால் பெற்றோர் முதல் இரண்டு நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வாங்கி வெளியிடுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும்படி எழுதுங்கள். அன்று நடந்தவற்றை நேரத்தோடு உடனே குறித்துவைக்கச் சொல்லுங்கள். குற்றச்சாட்டு என்ன என்பதை எழுத்தில் கேட்டுப் பெறலாம், வழக்கறிஞரை அழைப்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது, மொழி புரியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்பதையெல்லாம் விளக்குங்கள். பிள்ளைகளைத் தற்காலிகமாகப் பிரித்துவைக்க நேர்ந்தால் அன்னியரிடம் போகாமல் இருக்க, பொறுப்பேற்கக்கூடிய உறவினர்களின் பெயர்களை முதல் நாளே கொடுக்க வேண்டும் என்பதை மறக்காமல் சேருங்கள். எங்களுக்குப் பெரியம்மா வீடு கிடைத்தது, கேட்கத் தோன்றியதால்தான். புகார் கொடுத்தவர் யாரென்று தேடிப் போவதும் சமூக ஊடகத்தில் புலம்புவதும் வழக்கைக் கெடுக்கும். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை நான் அறிவேன். ஆனால் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கும் முடிவு நீதிமன்ற மறுஆய்வுக்கு உட்பட்டது, அதில் பெற்றோருக்குத் தம் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்பட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் நான் அந்த நடைவழியில் கத்தியிருக்க மாட்டேன்.

பிள்ளையிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள். “கேட்கிறவர்களிடம் உனக்குத் தெரிந்ததைச் சொல், நீ எது சொன்னாலும் நாங்கள் கோபிக்க மாட்டோம்” என்பதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

இந்தக் கடிதத்தை வெளியிட்டால் என் பெயரை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது; உங்கள் இதழை அவளும் படிக்கிறாள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்