கயலுக்கு: முறிந்த வில்லும் அடுத்த வில்லும்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். பலகை சரியில்லை, அதனால்தான் நீ செய்த வில் முறிந்தது என்று எழுதியிருக்கிறாய். அது பாதிதான் உண்மை. மூன்றாவது படத்தில் முறிவு ஓடியிருக்கும் விதத்தைப் பார். மேல்பாதியின் நடுவில், முதுகில், அதாவது இலக்கைப் பார்க்கும் பக்கத்தில் தொடங்கி, ஒரு சாண் நீளம் சாய்வாக இறங்கி, உன்னைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் வெளியே வந்திருக்கிறது. பலகையின் ரேகையும் அதே சாய்வில்தான் ஓடுகிறது. நார் முனை வரை போகாமல் பாதி வழியில் ஓரத்துக்கு ஓடிவிட்டால், இழுக்கும்போது முதுகைத் தாங்குவது நார் அல்ல, நாருக்கும் நாருக்கும் இடையிலுள்ள ஒட்டுதல் மட்டும்தான். அது எவ்வளவு தாங்கும்? இது பலகையின் குற்றம்.

முறிவதற்கு முன் எடுத்த முதல் படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. அதே இடத்தில் வில் முழங்கை மடங்கியதுபோல் மடங்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் விறைப்பாக நிற்க, வளைவு முழுவதும் நாலு விரல் அகலத்தில் குவிந்துவிட்டது. அது பலகையின் குற்றம் இல்லை, கண்ணு. அங்கே நீ அதிகம் சீவிவிட்டாய். நல்ல பலகையாக இருந்திருந்தாலும் அந்த இடம் நீடித்திருக்காது.

முறிவைப் படிக்கத் தெரிந்துகொள். நீளச் சாய்வாகப் பிளந்தால் ரேகை ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. சாக்பீஸ் ஒடிந்ததுபோல் குறுக்கே நறுக்கென்று போனால் மரம் உள்ளுக்குள் செத்திருக்கிறது, அல்லது அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. வயிற்றில் குறுக்கே மயிரிழை மயிரிழையாகக் கோடுகள் இருந்தால் அங்கே நார்கள் நசுங்கிவிட்டன. இந்தக் கோடுகள் நேர் வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் வைத்துப் பார்.

அடுத்த வில்லுக்கு அறுத்த பலகை வேண்டாம். பிளந்த கட்டை எடு. ரம்பம் ரேகையை மதிக்காது, ஆப்பு மதிக்கும். பிளவு நாரோடுதான் ஓடும், அதனால் கட்டையின் உண்மையான போக்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆறடி நீளம், ஐந்தாறு அங்குல விட்டம், கணு குறைவாக இருக்க வேண்டும். பட்டையின் வெடிப்புகள் முறுக்கிக்கொண்டு சுற்றினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கிறது என்று பொருள், அதைத் தொடாதே. வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மரப்பசையைத் தடிப்பாகப் பூசு. பட்டையை உரித்துவிட்டால் முதுகு முழுவதும் பூசு. ஈரம் முனை வழியாகத்தான் வேகமாக ஓடும், முனைதான் முதலில் வெடிக்கும்.

முதுகு விஷயத்தில் மரத்துக்கு மரம் வேறுபாடு உண்டு. ஹிக்கரி, ஆஷ், எல்ம், மேப்பிள் போன்ற வெள்ளை மரங்களில் பட்டைக்கு அடியிலுள்ள பரப்பே வில்லின் முதுகு. வளரும் பருவத்தில் வெட்டினால் பட்டை கையோடு உரிந்து வரும், அந்தப் பரப்பில் கருவியே படக்கூடாது. ஓசேஜ் ஆரஞ்சு போன்ற மரத்தில் வெளி வெள்ளையை நீக்கி, வைரத்தில், அதாவது உள்ளேயுள்ள கெட்டி மரத்தில், ஒரே ஒரு வளர்ச்சி வளையத்தை முனை முதல் முனை வரை அறுபடாமல் வெளிக்கொண்டுவர வேண்டும். இருபிடிக் கத்தியால் இழுத்துக்கொண்டே வரும்போது காதையும் கொடு. கெட்டியான அடுக்கில் கத்தி சத்தமில்லாமல் வழுக்கும். இரண்டு வளையங்களுக்கு நடுவிலுள்ள துளைத்துளையான மெல்லிய அடுக்கைத் தொட்டதும் பொரியை மிதித்ததுபோல் நொறநொறக்கும். அங்கே கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சுரண்டும் தகட்டால் அந்தப் பொரியை மட்டும் வழித்தால் அடியில் அடுத்த வளையம் பளபளவென்று தெரியும். கணு வந்தால் அதைச் சுற்றி மேடாக விட்டுவிடு. கணுவைச் சமமாக இழைத்தால் வளையம் அறுந்துவிடும்.

முதல் வில்லுக்கு ஹிக்கரியே போதும். அதன் முதுகு நிறையத் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு சோம்பிப் போவதுதான் அதன் குறை. அதனால் உலர்த்துவதில் அவசரப்படாதே. முழுக்கட்டையாக வைத்தால் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு என்பார்கள். அவ்வளவு காத்திருக்க வேண்டாம். வில் வடிவத்துக்குத் தாராளமாகச் செதுக்கி, நேரான சட்டத்தில் கிளாம்ப் போட்டு, காற்றோட்டமான நிழலில் வை. வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து, எடையைக் கட்டையிலேயே பென்சிலால் எழுது. மூன்று வாரம் தொடர்ந்து எடை மாறாமல் நின்றால் சுற்றியுள்ள காற்றோடு அது சமநிலைக்கு வந்துவிட்டது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் அளவில் இருந்தால் மரத்தில் ஏறக்குறைய 9 சதவீத ஈரம் தங்கும். வில்லுக்கு அதுதான் பொருத்தம்.

அளவுக்கு வருகிறேன். நீ இழுக்கும் தூரம் 26 அங்குலம். அதன் இருமடங்கு 52. கைப்பிடியும் அதன் இருபுறச் சரிவும் சேர்ந்து வளையாத பகுதி 8. கற்றுக்கொள்ளும் வில் என்பதால் இன்னும் 6. ஆக 66 அங்குலம். அகலம் சரிவு முடியும் இடத்தில் 2 அங்குலம். அதையே பாதித் தூரம் வரை வைத்துக்கொண்டு, பிறகு முனையில் அரை அங்குலத்துக்குக் குறுக்கு. நடுக்கோட்டை அளவுகோல் வைத்துப் போடாதே, நார் போகும் வழியிலேயே போடு. வில் கொஞ்சம் நெளிந்தால் நெளியட்டும்.

இவ்வளவு அகலம் எதற்கு, ஆங்கிலேயரின் நீள்வில் ஒடுக்கமாகத்தானே இருந்தது என்று கேட்பாய். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த நூற்றுக்கும் மேற்பட்ட விற்கள் ஒடுக்கமும் தடிப்புமானவைதான். ஆனால் அவை யூ மரம். அதன் வெள்ளை இழுப்பைத் தாங்கும், வைரம் நசுங்கலைத் தாங்கும். வெள்ளை மரத்தின் வயிற்றுக்கு அந்த வலு இல்லை, அகலத்தில்தான் சுமையைப் பங்கிட வேண்டும். டென்மார்க்கின் ஹோல்மகார்டு சதுப்பில் கிடைத்த, ஏறக்குறைய 9,000 ஆண்டுப் பழமையான எல்ம் விற்கள் அகலமும் தட்டையுமாக இருப்பதைப் பார்த்தால், அந்தக் கணக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

தடிமன்தான் உன்னை ஏமாற்றியது. அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதி. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒரு பங்கு. 15 மில்லிமீட்டர் தடிமனில் ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் அங்கே விறைப்பு 27 சதவீதம் போய்விடும். ஆகவே கைப்பிடி அருகே 16, முனையில் 13 மில்லிமீட்டரில் தொடங்கி, அதன்பின் இருபிடிக் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிடு. அரம், பிறகு சுரண்டும் தகடு, அவ்வளவுதான். சீவுவதெல்லாம் வயிற்றில்தான். முதுகின் ஓரங்களை மட்டும் மழுக்கிவிடு, சிலாம்பு கிளம்புவது கூரான ஓரத்தில்தான்.

முதலில் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை அழுத்தி, வளைவைப் பார். இரண்டு பாதியும் உள்ளங்கைக்கு ஒரேமாதிரி விட்டுக்கொடுத்தால் நீள நாண் கட்டி, சுவரில் அடித்த கட்டையில் கைப்பிடியை உட்காரவைத்து, கப்பி வழியாகக் கயிற்றை இழுத்து, தள்ளி நின்று பார். நடுவில் ஒரு தராசு தொங்கட்டும். இதில் ஒரு விதியை மட்டும் நீ மீறவே கூடாது: குறி வைத்திருக்கும் எடைக்கு (வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசைக்கு) மேல் ஒருபோதும் இழுக்காதே, வளைவில் குறை தெரிந்தால் அதற்கு மேல் ஓர் அங்குலம்கூட இழுக்காதே. 35 பவுண்டு குறி என்றால், 35 எந்தத் தூரத்தில் வருகிறதோ அங்கே நில். எட்டு அங்குலத்தில் வந்தாலும் அங்கேயே நில். சீவச்சீவ அதே 35 தள்ளித்தள்ளி வந்து 26-இல் உட்கார வேண்டும். நீ செய்தது நேர்மாறு. மடங்கிய இடத்தைப் பார்த்த பிறகும், "இன்னும் கொஞ்சம் இழுத்தால் சரியாகுமா" என்று இழுத்திருக்கிறாய்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும் இருபது முப்பது தடவை பாதித் தூரம் இழுத்துவிடு. மரம் உடனே மாற்றத்தைக் காட்டாது. இதைத் தவிர்த்துவிட்டு, வளையவில்லையே என்று அதே இடத்தில் மறுபடி சுரண்டுவதால்தான் முக்கால்வாசி முழங்கைகள் உண்டாகின்றன.

கண்ணை நம்பாதே. ஆறு அங்குல நேர்க்கட்டையின் நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலை இறுக்கமாகச் செருகு. நாண் பூட்டிய வில்லின் வயிற்றில் கட்டையை ஓட்டி, இடைவெளி மிக அதிகமாக இருக்கும் இடத்தில் பென்சில் முனை மரத்தைத் தொடத் தொடாத அளவில் நிறுத்து. பிறகு அந்தப் பாதி முழுவதும் ஓட்டு. கோடு விழுந்த இடமெல்லாம் விறைப்பு, அங்கே சுரண்டு. கோடு விழாத இடத்தில் கை வைக்காதே. முனையிலிருந்து ஏழெட்டு அங்குலம் மட்டும் சற்று விறைப்பாக இருக்கலாம், கைப்பிடிச் சரிவும் அசையக்கூடாது. கீழ்பாதி மேல்பாதியைவிடக் கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும். நாண் பூட்டி, இரு சரிவுகளிலிருந்தும் நாணுக்கு உள்ள தூரத்தை அளந்தால் மேலே 4 மில்லிமீட்டர் அதிகம் வரும்படி வை.

முழங்கை மறுபடி வந்துவிட்டால் அதைச் சரிசெய்ய ஒரே வழி, அதைத் தவிர மற்ற எல்லா இடத்தையும் குறைப்பதுதான். எடை இறங்கும். 35 நினைத்தது 28-இல் நின்றால் அது 28 பவுண்டு வில், அவ்வளவுதான்.

நாண் கழற்றிய உடனே நேர்க்கோலில் வைத்து, முனைகள் எவ்வளவு வளைந்தே நிற்கின்றன என்று தினமும் அள. ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் நல்ல வேலை. இரண்டைத் தாண்டினால் அம்பு மந்தமாகப் போகும். நேற்று அரை அங்குலமாக இருந்தது இன்று ஒன்றானால் வேலையை நிறுத்து. மரம் இன்னும் ஈரம், அல்லது ஓரிடம் மட்டும் எல்லாச் சுமையையும் தூக்குகிறது. தராசைவிட இந்த அளவு சொல்வதை நான் அதிகம் நம்புவேன்.

நாண் பள்ளத்தை வட்ட அரத்தால் பக்கங்களில் மட்டும், 45 பாகைச் சாய்வில் போடு, முதுகின் குறுக்கே அரம் போகவே கூடாது. டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூல் 12 இழை போதும். நீளாத நவீன நூல்கள் மரப்பள்ளத்தை அறுத்துவிடும். முதலில் கைப்பிடிக்கும் நாணுக்கும் நடுவே மூன்று அங்குலம் இருக்கும்படி பூட்டிச் சரிபார், பிறகு ஆறுக்கு ஏற்று.

அம்பு பவுண்டுக்கு 10 கிரெயின் எடை இருக்கட்டும். 35 பவுண்டுக்கு 350 கிரெயின், சுமார் 23 கிராம். அதைவிட மெலிந்த அம்பு என்றால் வெறும் நாணை விடுவதற்குப் பக்கத்தில் வந்துவிடும். வெறும் நாணை விட்டால் ஆற்றல் போக இடமில்லாமல் வில்லுக்குள்ளேயே அடிக்கும். இறகு பறவை இறகாகவே இருக்கட்டும், மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து. பிளாஸ்டிக் இறகு கைப்பிடியில் இடித்து அம்பைத் தூக்கி எறியும். இறகுத் தண்டின் முன்முனையை நூல் சுற்றி மூடு, இல்லாவிட்டால் விரல் முட்டியைக் கிழிக்கும். அம்பு கைப்பிடியைச் சுற்றி நெளிந்துதான் கடக்கிறது. வலக்கையால் இழுக்கும் உனக்கு, தொடர்ந்து இடப்பக்கம் விழுந்தால் அம்பு விறைப்பு அதிகம், வலப்பக்கம் விழுந்தால் குறைவு. வில்லைச் சீவ ஓடாதே, அம்பை மாற்று.

முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டே யோசிக்காதே, இரண்டு விநாடி போதும். உன்னைவிடக் கை நீளமானவர் யாராவது "கொடு, பார்க்கலாம்" என்றால் கொடுக்காதே. 26-க்குப் பழகிய வில் 29-இல் முறியும், துண்டு முகத்தில் வந்து அடிக்கும். முடிந்ததும் நாணைக் கழற்று, வெயிலில் நிற்கும் காரில் வைக்காதே, மூலையில் சாய்க்காமல் இரண்டு ஆணியில் படுக்கவை.

1991-இல் ஆல்ப்ஸ் பனியில் கண்டெடுத்தார்களே, ஏட்சி, ஐயாயிரம் ஆண்டுக்கு முந்தையவர், அவரிடம் 1.82 மீட்டர் யூ வில் ஒன்று இருந்தது. நாண் பள்ளம்கூடப் போடாதது, கோடரித் தழும்புகள் அப்படியே இருந்தன. நீயும் பாதியில் விட்டாலும் தனி ஆளில்லை.

அடுத்த முறை படம் எடுக்கும்போது கேமராவைக் கைப்பிடி உயரத்தில், நேர் எதிரே, குறைந்தது பத்தடி தள்ளி வை. பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும். மூன்று படம் வேண்டும்: நாண் இல்லாமல், நாண் பூட்டி, 15 அங்குலம் இழுத்து. மூன்றாவதை எடுத்ததும் இழுப்பதை நிறுத்தி, என் பதில் வரும்வரை நாணைக் கழற்றி வை.

அன்புடன்,
அப்பா