ரங்கசாமி மலை விமான விபத்து: நினைவுகளைப் பதிவு செய்யுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1950 டிசம்பர் 13 அன்று, கோத்தகிரியை அடுத்த ரங்கசாமி மலைப் பகுதியில் ஏர் இந்தியாவின் டகோட்டா விமானம் மோதி, அதில் இருந்த 21 பேரும் உயிரிழந்தனர். அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தை எட்டிவிட்டார்கள். கீழ்க்கோத்தகிரி, சோலூர்மட்டம், கோடநாடு வட்டாரங்களில் அந்த நாளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

யாருமே உயிரிழக்காத ஒரு விபத்தைக்கூட எப்படிப் போற்றிப் பாதுகாக்கலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உள்ள பிராக்கிள்ஸ்பி என்னும் சிற்றூர் சான்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 செப்டம்பர் 29 அன்று, வாகா வாகா அருகிலிருந்த விமானப் படைப் பள்ளியிலிருந்து பயிற்சிக்காகப் புறப்பட்ட இரண்டு ஆவ்ரோ ஆன்சன் விமானங்கள் அவ்வூருக்கு மேலே மோதி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டன. மேலே இருந்த விமானத்தின் இயந்திரங்கள் நின்றுபோயின. கீழே இருந்ததன் இயந்திரங்களோ முழு விசையில் ஓடிக்கொண்டிருந்தன. மற்ற மூவரும் பாராசூட்டில் குதித்துவிட, மேல் விமானத்தை ஓட்டிய 22 வயதுப் பயிற்சி விமானி லெனார்ட் புல்லர், கீழ் விமானத்தின் விசையையும் தன் விமானத்தின் இறக்கைக் கட்டுப்பாடுகளையும் கொண்டே இரண்டையும் சேர்த்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் ஓட்டிச் சென்று ஒரு புல்வெளியில் இறக்கினார். இதற்காக அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அனுமதியின்றிப் பத்திரிகையாளர்களிடம் பேசியதற்காகத் தண்டனையும் கிடைத்தது.

அந்த நால்வரும் பின்னர் என்ன ஆனார்கள் என்பதும் பதிவாகியிருப்பதுதான் என் மனத்தை மிகவும் தொட்டது. கீழ் விமானத்தில் வழிகாட்டியாக இருந்த பிரேசர், பிரிட்டனில் பணியாற்றியபோது 1942ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே விமான விபத்தில் மாண்டார். பாராசூட்டில் குதித்த மற்ற இருவரான ஹியூசனும் சின்கிளேரும் போர் முடியும்வரை உயிரோடிருந்தனர். புல்லர் மத்திய தரைக்கடல் போர்முனையில் பறந்து வீரப் பதக்கம் பெற்று, தாயகம் திரும்பிப் பயிற்றுநராகி, 1944 மார்ச்சில் மிதிவண்டியில் செல்லும்போது பேருந்து மோதி இறந்தார். இரண்டு விமானங்களை ஒரே சமயத்தில் தரையிறக்கிய கைகள் அவை என்று எண்ணும்போது நெஞ்சு பதைக்கிறது. விபத்து நடந்து ஐம்பது ஆண்டுகள் ஆனபோது பிராக்கிள்ஸ்பி மக்கள் அவ்விடத்துக்கு அருகே நினைவுச் சின்னம் ஒன்றை எழுப்பினார்கள்.

ரங்கசாமி மலையில் இறந்தவர்களில் ஆபிரகாம் வால்ட் என்னும் புள்ளியியல் அறிஞரும் அவர் மனைவியும் இருந்தனர். இந்தியாவில் சொற்பொழிவாற்ற வந்திருந்தவர் அவர். அதே உலகப் போரின்போது, குண்டடி பட்டுத் திரும்பிய அமெரிக்க விமானங்களை ஆராய்ந்து, திரும்பி வந்தவற்றில் காணும் ஓட்டைகளை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, திரும்பாதவை எங்கே அடிபட்டிருக்கும் என்று கணக்கிட வேண்டும் என்று காட்டியவர். உலகெங்கும் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் பாடம் இது. விமானங்கள் வீழாமல் காக்கும் வழியைக் கணித்தவர் விமான விபத்திலேயே, அதுவும் நம் மலையில் இறந்தார் என்பதை நீலகிரி மாணவர்கள் அறிந்திருக்க வேண்டாமா?

படுகரும் இருளரும் வழிபடும் அந்த மலையைக் கோடநாடு காட்சிமுனையிலிருந்து நாள்தோறும் எத்தனையோ பயணிகள் பார்த்துச் செல்கிறார்கள். இறந்தவர்களின் பெயர்களோடும், வால்ட் ஆற்றிய பணி பற்றிய குறிப்போடும் அங்கே தமிழில் ஒரு கல்வெட்டு அமைக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். முதியவர்களின் நினைவுகளைத் திரட்டும் பணி அதற்கும் முன்பாகத் தொடங்க வேண்டும். அதைத் தங்கள் கோத்தகிரி செய்தியாளர் இந்த மாதமே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கோத்தகிரி.