திருப்புடைமருதூர் ஆற்றங்கரை மரபு நடை: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் பெருமக்களுக்கு வணக்கம்.

நாறும்பூநாதர், கோமதி அம்பாள் திருவருளால், கோயில் வாசலில் தொடங்கிப் படித்துறை வழியாகக் கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடம் நோக்கிச் செல்லும் நடைபாதைப் பணி நிறைவுபெற்றது. வரவு செலவுக் கணக்கைத் தனித் தாளில் இணைத்திருக்கிறோம். ரசீதுகளைப் பார்க்க விரும்புவோர் பொருளாளரிடம் கேட்டுப் பார்க்கலாம். பணி நடந்த விதத்தை மட்டும் இங்கே சொல்கிறோம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டதை நாம் யாரும் மறக்க முடியாது. படித்துறையின் கீழ்ப்படிகள் அந்த வெள்ளத்தில்தான் பெயர்ந்தன. அடுத்து வந்த தைப்பூசத்தில், இறங்கி முங்க வழியில்லாமல் மேல்படியில் நின்றபடியே செம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு திரும்பினார்கள் முதியவர்கள். அதைப் பார்த்த அன்று மாலையே குழு கூடியது.

முதலில் கைக்கு வந்த மதிப்பீடு, படிகளைக் கான்கிரீட்டில் வார்த்து மேலே டைல்ஸ் ஒட்டச் சொன்னது. பாசி பிடிக்கும் படித்துறையில் டைல்ஸ் ஒட்டினால் முதலில் வழுக்கி விழுபவர்கள் நம் ஆச்சிமார்கள்தாம். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினோம். பழைய கற்கள் ஆற்றைவிட்டு எங்கே போயிருக்கும் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்விதான் பணியின் போக்கையே மாற்றியது.

கோடையில் நீர் வடிந்ததும் இளைஞர்கள் ஆற்றில் இறங்கினார்கள். மணலுக்குள் புதைந்த கல் கண்ணுக்குத் தெரியாது. காலால் துழாவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்ததை வடத்தில் கட்டி, மூங்கில் கழியில் கோத்து, தோள்கொடுத்துக் கரையேற்றிக் காவிக்கட்டியால் எண் எழுதினோம். ஒரு கல்லின் நடுப்பகுதி மட்டும் உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, எண்ணெய் தடவினாற்போல் வழுவழுப்பாக இருந்தது. எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இடது ஓரத்துக் கல். என் மாமியாருக்குப் பிறகு நான் துவைத்த கல்" என்றார். அவர் காட்டிய இடத்திலேயே அதை வைத்திருக்கிறோம். இணைப்புக்குச் சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள் கல்தச்சர்கள். நாள் அதிகமாயிற்று, கூலியும் அதிகமாயிற்று. இதில் மனக்குறை உள்ள உறுப்பினர்கள் ஒருமுறை வெறுங்காலுடன் அந்தப் படிகளில் இறங்கிப் பார்க்க வேண்டுகிறோம்.

பாதையை மண்பாதையாகவே விட்டிருக்கிறோம். மின்விளக்கு கேட்டவர்கள் பலர். ஆனால் நம் மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் கூடு கட்டும் பறவைகளுக்காக, ஊர் மக்களே முன்வந்ததால், 2005 பிப்ரவரியில் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக (Conservation Reserve) அறிவிக்கப்பட்ட ஊர் இது. காப்பகத்தின் பரப்பு 2.84 ஹெக்டேர்தான். அதன் ஓரத்தில் நம் கையாலேயே விளக்கு நட்டு, அடைகாக்கும் நாரைகளையும் கொக்குகளையும் இரவெல்லாம் கலங்கவிட எங்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே வழிகாட்டியோடு செல்லும் மரபு நடை காலையில் மட்டும். கூடு கட்டும் மாதங்களில் மரத்தடியில் நிற்கவோ கைதட்டவோ கூடாது.

வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளே. கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று "நாறும்பூநாதா" என்று அழைக்க, சுவாமி செவிசாய்த்துக் கேட்டார் என்பதும், லிங்கத் திருமேனி சாய்ந்திருப்பது அதனால்தான் என்பதும் அவர்கள் வாயால் கேட்க வேண்டிய கதை. வடக்கே ஸ்ரீசைலம், இடையில் திருவிடைமருதூர், தெற்கே நம் புடைமருதூர் என மருதமரத் தலங்கள் மூன்றையும் அடையாளம் சொல்லித்தான் நடையைத் தொடங்குகிறார்கள்.

கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஐந்து நிலைகளிலும் செதுக்கிய மரத்தூண்கள், சுவரெங்கும் வண்ணம். கப்பலில் குதிரைகளோடு வந்திறங்கும் வணிகர்களை அங்கே காணலாம். யானைப்படையும் குதிரைப்படையும் மோதும் காட்சிகள், 1532-இல் விஜயநகரப் படைக்கும் திருவிதாங்கூர்ப் படைக்கும் நடந்த தாமிரபரணிப் போரைக் குறிப்பவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மூச்சுக்காற்றின் ஈரம்கூட அந்த வண்ணத்துக்குப் பகை. கோயில் நிர்வாகத்தின் அனுமதி உள்ள நாள்களில் மட்டும், சிறு குழுவாகவே ஏற வேண்டும். சுவரில் சாய்வதும் ஃபிளாஷ் போட்டுப் படமெடுப்பதும் கூடாது. நம் உறுப்பினர்களின் விருந்தினர்களுக்கும் இதில் விலக்கு கிடையாது. அனுமதி இல்லாத நாள்களில், படித்துறைப் படியில் அமர்த்தி ஓவியங்களின் நிழற்படங்களைக் காட்டி விளக்குகிறார்கள்.

முடியாத வேலைகளும் உண்டு. பரிகாரம் செய்ய வருபவர்கள் துணியை ஆற்றிலேயே விட்டுப்போவது நிற்கவில்லை. துணிக்கென்று தொட்டி வைத்தும் பாதிப் பேர்தான் போடுகிறார்கள். வாரந்தோறும் ஈரத்துணியை வலித்து எடுக்கும் பெண்களுக்குக் கூலியை உயர்த்தித் தர வேண்டியது நம் கடமை. அடுத்த பொதுக்குழுவில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம்.

கடைசிப் படியில் இரண்டு கற்கள் கிடைக்கவில்லை. வேறு கல் வாங்கிப் பதிக்காமல் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறோம். இறங்குபவர்கள் கவனமாகக் கால் வைக்கவும். வரும் கோடையில் நீர் வடிந்ததும் மறுபடியும் தேடப்போகிறோம். நீச்சல் தெரிந்தவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்