பவளத்துக்கும் வயசு உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் 38 வருஷம் நகைப் பட்டறை வைத்திருந்தவன் நான். உங்கள் ஆன்மிக இணைப்பில் வரும் 'ஒரிஜினல் இத்தாலிப் பவளம்' விளம்பரங்களைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

பவளம் தூத்துக்குடியில் விளைகிறது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் இருப்பது பவளப்பாறை. ஒரு காலத்தில் அதைச் சுண்ணாம்புக்கு உடைத்தார்கள், 2001 முதல் தொட்டாலே குற்றம். மோதிரத்தில் வைக்கிற சிவப்புப் பவளம் வேறு இனம், மத்தியதரைக் கடலுக்கு அடியில் சின்ன மரம் மாதிரி வளர்வது. நேப்பிள்ஸ் பக்கத்து டோரே டெல் கிரேக்கோ என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக அதை அறுத்து மெருகேற்றுகிறார்கள்.

அதன் தண்டு வருஷத்துக்குப் பருக்கிற அளவு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். செவ்வாய் தோஷத்துக்கு 10 மில்லிமீட்டர் அகலக் கல் கேட்கிறார்களே, அதற்கு 40 வருஷம் ஆகும். கல்யாணப் பெண்ணுக்கு அம்மா வயசு!

முன்பு பெரிய சிலுவைக் கட்டையில் வலைகளைக் கட்டிக் கடலடியில் இழுத்துச் சிறிசு பெரிசு பாராமல் முறித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் அதைத் தடை செய்தது. பின்னால் வந்த விதிப்படி முக்குளிப்பவர் சுத்தியலால் தட்டித்தான் எடுக்க வேண்டும், 50 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் எடுக்கக் கூடாது, தண்டின் அடி 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 7 என்பது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. அதற்கே முப்பது வருஷம் பக்கம் ஆகும், சரி, அது அவர்கள் பாடு. ஆனால் 2007இலும் 2010இலும் சிவப்புப் பவள வியாபாரத்தை உலக அளவில் கட்டுப்படுத்தக் கொண்டுவந்த தீர்மானம் இரண்டு தடவையும் தோற்றது. அதனால் வாங்குகிற நாம்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பவள மாலைகள் பெட்டியில் தூங்குகின்றன. போன மாசம் ஒரு தம்பி ஆத்தாவின் மாலையைக் கொண்டுவந்தார். பெரிய மணி ஒன்றைத் துளையோடு நீளவாக்கில் அறுத்தேன். துளை அடிப்பக்கம் போய்விட்டது, மெருகேற்றியதும் கல் பளிச்சென்று ஆனது. "ஜோசியர் ஒத்துக்குவாராண்ணே?" என்றார். செவ்வாய்க்குப் பழசு புதுசு தெரியுமா என்று கேட்டேன், சிரித்துவிட்டார்.

இந்த யோசனையையும் விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் போடுங்கள். அப்புறம், பவளம் வைத்த நகையைப் புளித்தண்ணீரில் போட்டுத் தேய்க்கிறார்கள். புளிப்பு பட்டால் பவளம் கரையும், மெருகு போய்விடும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

இப்படிக்கு,
ஒரு பழைய பத்தர், காரைக்குடி